சரித்திரம் எழுதிய கையும் சாசனம் எழுதிய கையும்

ஒருவர் எழுதிய நூலையும், அதே மனிதர் பிற்காலத்தில் இயற்றிய சட்டத்தையும் அருகருகே வைத்து ஆராய்வது இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் வருமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வரும் என்பதே நமது கருத்து. நூலும் எழுத்து, சட்டமும் எழுத்து. நூலைப் படிக்காதவன் அதற்கு வெளியே நின்றுவிடலாம். சட்டத்தைப் படிக்காதவனோ அதற்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே உழைத்து மடிகிறான். ஆதலால் சட்டம் எழுதியவரின் நடையையும் நோக்கையும் ஆராய்வதற்கு விமர்சகனுக்கு உரிமை மட்டுமன்றிக் கடமையும் உண்டு.

இத்தகைய ஆராய்ச்சிக்கு கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவைவிடப் பொருத்தமான ஒருவர் இலங்கை வரலாற்றில் இல்லை. 1907ஆம் ஆண்டு தென்னிலங்கையிற் பிறந்தவர், இலண்டன் சென்று வரலாற்றாய்வாற் கலாநிதிப் பட்டம் பெற்றவர், சட்டமும் கற்று, நாட்டின் தலைசிறந்த அப்புக்காத்துமாரில் ஒருவராக விளங்கியவர், 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானபோது அதன் முதல் தலைவர், 1970இல் அமைச்சர், 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பின் சிற்பி. அறிஞர், வழக்கறிஞர், அரசியல் தலைவர் என்ற மூவரும் ஓருடலில் வாழ்ந்தனர் எனலாம். அம்மூவரும் ஒருவரோடொருவர் எப்பொழுதும் பேசிக்கொண்டார்களா என்பதே நமது ஐயம்.

முதலில் அறிஞரைக் காண்போம். 'பிரித்தானிய ஆட்சியில் இலங்கை, 1795–1833' என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் 1941இலும் 1942இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. இலண்டனில் அவர் செய்த ஆய்வே அதன் அடித்தளம். பேராதனையில் நாம் தமிழ் பயின்ற நாட்களில், பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்ட ஆவலினால் அந்நூலைப் புரட்டினோம். அப்போது நம்மைப் பிடித்து நிறுத்தியது ஒரு சிறு காரணம். கண்டியிலிருந்து குருணாகல் செல்லும் வீதியில், நாம் இன்று பிள்ளைகளுக்கு நன்னூற் சூத்திரம் சொல்லிக்கொடுக்கும் கலகெதர, அவர் ஆராய்ந்த காலத்தில் ஒரு போர்க்களம். 1803 பெப்ரவரியில் கண்டியைப் பிடிக்கப் புறப்பட்ட தளபதி மக்டோவலின் படை, கலகெதரையிலும் கிரிஹாகமையிலும் இருந்த கண்டியரசின் காவலரண்களைக் கடந்தே தலைநகரை அடைந்தது. அதே ஆண்டு ஜூனில் அப்படையின் எஞ்சிய பகுதி அழிந்துபோனதும், 1815 மார்ச் 2ஆம் திகதி பிரதானிகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையினால் நாடு கைமாறியதும், 1817–18இல் மக்கள் கிளர்ந்தெழுந்ததும், அவ்வெழுச்சி இரக்கமின்றி நசுக்கப்பட்டதும் யாவரும் அறிந்த செய்திகள்.

அந்நூலின் நடை ஆவணங்களில் ஊன்றிய, உணர்ச்சி தணிந்த நடை. மேடையிலே இடியென முழங்கிய மனிதர் இவரா என்று ஐயுறும்படி, கடிதம், வரி, நிலவுரிமை, இராஜகாரியம், நீதிமன்ற அமைப்பு என்று பொறுமையாக நடக்கிறார். ஆட்சியாளர் எந்தப் பெயரில் எதைச் செய்தார்கள் என்பதைக் காகிதத்தைக் கொண்டே அறியும் பயிற்சி அவருக்கு இருந்தது. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1815 உடன்படிக்கையின் 5ஆம் வாசகம் பௌத்த சமயத்தின் காப்புக்கு உறுதி கூறியது. அவ்வாக்குறுதி எவரை இணங்கவைக்க அளிக்கப்பட்டது, கிளர்ச்சிக்குப் பின் 1818 நவம்பர்ப் பிரகடனத்தில் என்ன ஆயிற்று என்பதை இலங்கையில் அவரைப்போல் அறிந்தவர் மிகச் சிலரே.

நூல் 1833இல் முடிகிறது. கோல்புறூக் சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. ஆய்வாளருக்கு இயல்பான எல்லை. அதிற் குறை காண நாம் விரும்பவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. 1820களில் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டபோது விழுந்த வித்து அவருடைய காலவரையறைக்குள் இருக்கிறது. விளைச்சலோ வெளியே இருக்கிறது. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிகள் பின்னே நடந்து, மன்னாரில் இறங்கி, காட்டுவழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானவர் போக எஞ்சியவராய் நம் முன்னோர் இம்மலைகளை அடைந்தது அந்நூலின் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில். எழுதப்படாத அந்தப் பக்கத்து மனிதரை அவர் வேறோர் இடத்தில், வேறு உடையில் சந்தித்தார்.

அந்த இடம் கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டம். 1940 ஜனவரியில் அங்கே சமசமாஜக் கட்சியின் தோட்டத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தோர் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 10ஆம் திகதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டான். மலையகத் தொழிலாளர் இயக்கத்தின் முதற் பலி என்று இன்றும் நாம் நினைவுகூரும் பெயர் அது. எழுந்த கண்டனத்தின் விளைவாக விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டபோது, கோவிந்தனின் மனைவிக்காக வாதாட எழுந்து நின்றவர் கொல்வின். பொலிசை மட்டுமா அவர் கூண்டில் ஏற்றினார்? தோட்டத்துரைமாரின் வர்க்கத்தையே ஏற்றினார். உயர்ந்த வருவாயும் புகழும் காத்திருந்த ஓர் இளம் அப்புக்காத்து, எழுத்தறியாத ஒரு தோட்டத்துப் பெண்ணின் துயருக்குச் சட்டத்தின் மொழியைக் கடன் கொடுத்த அந்த நாட்களை அவர் வாழ்வின் உச்சமாகவே நாம் கொள்கிறோம். இதன் பின்னே அவர்மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டு எத்தனை கடுமையானதாயினும் இந்நன்றியை அது அழித்துவிடாது.

அவ்வாண்டு ஜூனில் அவரும் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரும் யுத்த எதிர்ப்புக்காகக் கைதாயினர். கண்டிச் சிறையில் அடைபட்டனர். நூலின் பாகங்கள் அச்சாகி வந்த காலத்தில் நூலாசிரியர் சிறைக்கம்பிக்குப் பின்னால்! 1942 ஏப்ரலில், கொழும்பில் யப்பானிய குண்டுகள் விழுந்த அதே வாரத்தில், சிறைக் காவலர் ஒருவரின் துணையோடு நால்வரும் தப்பினர்; கொல்வின் இந்தியாவுக்குச் சென்றார்.

அதே ஏப்ரலில் பர்மாவின் மொகோக் சிறையிலிருந்தும் ஓர் அறிஞர் தப்பினார். அவர் பெயர் பா மோ. அவரும் கலாநிதி, பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்துப் பட்டம். அவரும் வழக்கறிஞர்; விவசாயிகளின் கிளர்ச்சியை நடத்திய சாயா சானுக்காக 1931இல் வாதாடிப் பெயர் பெற்றவர். அவர் அமைத்த கட்சிக்கு ஏழைகளின் கட்சி என்றே பெயர். 1937இல் பர்மாவின் முதற் பிரதமரானார். கீழ்ப் பர்மாவின் நெல்நிலத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு கடனுக்கு ஈடாகச் செட்டிமாரின் கைக்குப் போயிருந்த காலம் அது. விவசாயியின் கோபம் நியாயமானது. ஆனால் 1938இல் அவர் பிரதமராயிருக்கையில் இரங்கூனில் வெடித்த கலவரத்தில் அடிபட்டோர் வட்டிக்குக் கொடுத்தவர்கள் மட்டுமல்லர். கூலிக்கு வந்த இந்தியரும் முஸ்லிம்களும் அடிபட்டனர். சிறையிலிருந்து வெளியேறியவர் யப்பானியரோடு சேர்ந்தார்; 1943 ஆகஸ்டில் அவர்கள் கொடுத்த 'சுதந்திர'த்தின் தலைவரானார். ஒரே இரத்தம், ஒரே குரல், ஒரே கட்டளை என்பது அவருடைய ஆட்சியின் முழக்கம்.

இருவரையும் ஒரே தராசில் வைப்பது அநீதி என்பதை நாம் அறிவோம். கொல்வின் தப்பியோடியது எந்த ஏகாதிபத்தியத்தின் மடியிலும் விழுவதற்கன்று. இலங்கையரும் இந்தியரும் சேர்ந்து அந்நாட்களில் அமைத்த போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி, தன் பெயரிலேயே இந்தியா, இலங்கை, பர்மா என்ற மூன்று நாடுகளையும் இணைத்திருந்தது. இரத்தத்தின் ஒருமையைப் பேசிய பா மோவுக்கு நேரெதிரே, வர்க்கத்தின் ஒருமையைப் பேசிய இயக்கம் அது. ஆகவேதான் முப்பது ஆண்டுகளுக்குப் பின் இவர் கையிலிருந்து வந்த சாசனத்தைப் படிக்கும்போது நமக்குப் பர்மாக்காரரின் நினைவு வருகிறது. வரக்கூடாத நினைவு வருகிறது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அவர் குரல் தெளிவாகவே இருந்தது. 1947இல் வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கியபோது இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தனர். கொல்வின் அவர்களில் முன்னணியில் நின்றார். சட்டத்தை ஆதரித்துக் கையுயர்த்திய தமிழ்ப் பிரமுகர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே மறந்துவிடலாகாது. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, இரண்டு மொழியென்றால் நாடு ஒன்றாயிருக்கும், ஒரு மொழியென்றால் நாடு இரண்டாகும் என்ற பொருளில் அவர் விடுத்த எச்சரிக்கையை இன்று சிங்களவரும் தமிழரும் தத்தம் கட்டுரைகளில் எடுத்தாளுகின்றனர். எங்கள் பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில்கூட அது ஆண்டுதோறும் ஒலிக்கிறது. சொன்னவர் பின்னர் என்ன செய்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

என்ன செய்தார்? 1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய முன்னணி பெரும்பான்மை பெற்றது. கொல்வின் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சரும் அரசியலமைப்பு விவகார அமைச்சருமானார். ஜூலையில் நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபை கூடியது. 1972 மே 22ஆம் திகதி புதிய யாப்பு நிறைவேறியது. பிரித்தானிய முடியோடு இருந்த பிணைப்பு அறுந்தது, நாடு குடியரசாயிற்று. இது வரலாற்றுச் சிறப்புடைய செயல் என்பதை மறுப்பவர் பிற்போக்காளரே. ஆனால் சாசனத்தைத் திறந்து படிக்க வேண்டும். இரண்டாம் பிரிவு நாட்டை ஒற்றையாட்சி என்கிறது. ஆறாம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மையான இடம் தருகிறது. ஏழாம் பிரிவு சிங்களத்தை அரசகரும மொழி என்கிறது. 1956இல் ஒரு சாதாரணச் சட்டமாக இருந்ததை, பாராளுமன்றத்தின் வெறும் பெரும்பான்மையால் மாற்றக்கூடியதாக இருந்ததை, நாட்டின் அடிப்படைச் சட்டத்தின் உயரத்துக்கு ஏற்றிவைத்தது, அன்று எச்சரித்த அதே கை. தமிழரசுக் கட்சியினர் கொண்டுவந்த திருத்தங்கள் தோற்றன. மொழி பற்றிய கோரிக்கையும் ஏற்கப்படாத நிலையில் 1971 ஜூனில் அவர்கள் சபையை விட்டு வெளியேறினர். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, அதாவது ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமாகச் சட்டமியற்றுவதைத் தடுத்த பிரிவு, புதிய யாப்பில் இடம்பெறவில்லை.

கொல்வினின் சார்பில் பேசுவோர் இங்கே ஒரு வாதத்தை முன்வைப்பர். அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அந்த 29ஆம் பிரிவு யாரைக் காத்தது என்று கேட்பர். பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து கோடக்கன்பிள்ளை என்பவரின் பேரால் நடந்த வழக்கில், அச்சட்டம் செல்லும் என்று 1953இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தோட்டத் தொழிலாளியைக் காக்காத காப்பு போனால் என்ன? வழக்காட வசதி படைத்தோரின் கவசம் அது என்பதிலும் ஓரளவு உண்மை உண்டு. கொல்வினே 1987இல், தம் யாப்பில் சிறுபான்மையோருக்குக் காப்புகள் இருந்தன என்று நிறுவ ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஆனால் கேள்வி பழைய கவசம் துருப்பிடித்ததா என்பதன்று. புதிய கவசத்தை வார்க்கும் உலை அவர் கையில் இருந்தது என்பதே. வார்த்தாரா? 18ஆம் பிரிவின் அடிப்படை உரிமைகளைப் படிப்போம். அவற்றுட் பல 'பிரஜை'க்கு என்றே வரையப்பட்டுள்ளன. 1972இல் நம் லயங்களில் இருந்தோருட் பெரும்பாலோர் பிரஜைகள் அல்லர். கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர், அவளுடைய வர்க்கத்தில் இலட்சக்கணக்கானோரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உரிமை அத்தியாயத்தை எழுதினார். தந்தப் பேனாவால் எழுதப்பட்ட இரண்டு வரி என்று இதை ஒதுக்க நம்மால் இயலவில்லை.

ஆறாம் பிரிவு வேறு விதமாக நம்மை வருத்துகிறது. 1815இன் 5ஆம் வாசகத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியருக்கு, ஆட்சியாளர் மதத்துக்குத் தரும் வாக்குறுதி மக்களுக்கு எதைத் தரும், பிரதானிகளுக்கு எதைத் தரும் என்பது தெரியும். தெரிந்தும் எழுதினார். அறியாமையினால் எழுதியவனைத் திருத்தலாம். அறிந்து எழுதியவரை விளங்கிக்கொள்ளத்தான் முயல வேண்டும்.

தனிமனித பலவீனம், பதவி ஆசை, இனவாதம் என்று சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. அது சோம்பேறி விமர்சனம். பதவி ஆசை உள்ளவர் 1940இல் சிறைக்குப் போயிருக்க மாட்டார். விடையை நாம் வேறிடத்தில் தேடுகிறோம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. இன்னும் பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குப் பலமாயிற்று. இதைக் கண்டுதான் அன்றைய ஆளும் வர்க்கம் 1948இல் பிரஜாவுரிமையையும் 1949இல் வாக்குரிமையையும் பறித்தது. அடி விழுந்தது தொழிலாளியின்மேல். முறிந்தது இடதுசாரி இயக்கத்தின் முதுகெலும்பு. வாக்கில்லாத வர்க்கத்துக்காக எவ்வளவு காலம் பேசலாம், பாராளுமன்றமே போராட்டக் களம் என்று முடிவு செய்துவிட்ட பிறகு? கட்சி கிராமத்துச் சிங்கள வாக்காளரை நோக்கி நடந்தது. 1964 ஜூனில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசிற் சேர்ந்தது. அந்த அடியை எடுத்துவைப்பதில் கொல்வினுக்கே தயக்கம் இருந்தது என்பதைக் குறிப்பிடுவது நியாயம். நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 30ஆம் திகதி, ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்ப்போம் என்று இரண்டு பிரதமர்கள் பங்கிட்டனர். அந்த அரசின் நிதியமைச்சர் என். எம். பெரேரா. 1966 ஜனவரி 8ஆம் திகதி தமிழ் மொழி விசேட விதிகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் கலந்துகொண்டன. 1947இல் கொல்வினைத் தேர்ந்தது தமிழரும் கணிசமாக வாழும் வெள்ளவத்தைப் பகுதி. 1970இல் அனுப்பியது களுத்துறை மாவட்டத்து அகலவத்தை. தொகுதி மாறினால் கொள்கை மாறுமா என்று கேட்கலாம். கொள்கை உடனே மாறாது; பேசாமல் விடப்படும் பொருள்களின் பட்டியல் நீளும்.

ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுகையில் எம்மால் முற்றிலும் பற்றற்று எழுத முடியவில்லை. எம் பாட்டனாரின் தங்கை குடும்பத்தோடு இந்தியாவுக்கென்று எழுதப்பட்டவர். தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகைவண்டியை மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி என்றனர். பாட்டனார் இறக்கும்வரை, ஸ்டேசன் மேடையில் நின்ற அந்த நாளை மட்டும் சொல்லவே மாட்டார். கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

கொல்வின் பெருந்தோட்ட அமைச்சராயிருந்த ஆண்டுகளிலேயே, 1973இலும் 1974இலும், தோட்டங்களில் பட்டினி புகுந்தது. உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலையேறிய காலம். நாடு முழுவதும் வாடியது என்பதும் உண்மை. ஆனால் கிராமத்தவனுக்கு ஒரு துண்டு நிலமேனும் இருந்தது. லயத்துக்காரனுக்குக் கூப்பன் அட்டை மட்டும். பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கண்டி வீதிகளில் பிள்ளைகளோடு கையேந்தி நின்ற தோட்டத்துப் பெண்களை நம் ஊர் முதியோர் இன்னும் மறக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது, முற்போக்கான சட்டம். இருந்தும் நிலம் கைமாறிய தோட்டங்கள் சிலவற்றில், அந்நிலத்தை உழைத்து உருவாக்கியவரே வெளியேற்றப்பட்டனர். பிரஜையல்லாதவருக்கு நிலப்பங்கு ஏது?

1975இல் சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது. கம்பெனித் தோட்டங்களைத் தேசியமயமாக்கும்போது அவை எந்த அமைச்சின் கீழ் வருவது என்ற பூசலும் அதற்கொரு காரணம். 1977இல் கட்சி ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை. அவ்வாண்டு மே மாதம், தோட்டக் காணிகளைப் பங்கிடுவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். 1982 ஜனாதிபதித் தேர்தலில் கொல்வின் போட்டியிட்டுப் பெற்ற வாக்குகள் 58,531. கடைசி ஆண்டுகளில் அவர் கட்சி அதிகாரப் பரவலாக்கலை ஆதரித்தது. 1987 ஒப்பந்தத்தையும் ஆதரித்தது. அதற்குள் நாடு எரிந்துகொண்டிருந்தது. 1989 பெப்ரவரியில் அவர் காலமானார்.

சென்ற தவணையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கண்டிக்கு அழைத்துச் சென்றிருந்தோம். 2014இல் மூடப்பட்ட போகம்பறைச் சிறையின் உயர்ந்த மதிலருகே நின்றபோது, கண்டிச் சிறையிலிருந்து தலைவர்கள் தப்பிய கதையைச் சொன்னோம், முல்லோயாவையும் சொன்னோம். பிள்ளைகள் மகிழ்ந்தனர். திரும்பும் வழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டிய பிறகு, பின்னிருக்கையிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்து கேட்டாள்: "சேர், கோவிந்தனுடைய மனைவி அவருக்கு வாக்குப் போட்டிருப்பாவா?"

1947இல் போடக் கூடியவராக இருந்திருக்கலாம், தொகுதிதான் வேறு என்றோம். "1970இல்?" என்றாள். அந்த யாப்பை எழுதிய சபையைத் தேர்ந்தெடுத்த ஆண்டு அது. பேருந்து கலகெதர ஏற்றத்தில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. நாம் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்திலிருந்து விளக்கத் தொடங்கினோம்.